தராசடியில் நின்ற அண்ணன்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் சார்பில், ஓய்வு பெறும் பால் ஸ்டோர் தொழிலாளி ஒருவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மாதத்தோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகின்ற நம் அண்ணனைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். மேடையில் பெயரைச் சொல்லிப் புகழ வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே, நாம் எல்லோரும் கூப்பிடுகிறபடி ‘ஸ்டோர் அண்ணன்’ என்றே சொல்லுகிறேன். மாலையும் சால்வையும் போட்டாகிவிட்டது. அவர் செய்த வேலை என்ன, அதனால் நமக்கு விளைந்த நன்மை என்ன என்பதையும் சொன்னால்தான் பாராட்டு நிறைவாகும்.

பால் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது ஒன்றுமில்லை. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் பொழுது விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறீர்கள். மங்கு மங்காகச் சேர்த்த பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்கு வரும்போது உடம்பில் பாதிப் பலம்தான் மிச்சமிருக்கும். அங்கே வாளியை நிறுப்பதோடு கணக்கு முடிவதில்லை. 100 கிலோ பாலில் ரப்பராக இருப்பது ஏறக்குறைய 30 முதல் 40 கிலோதான். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே மாதிரிப் பால் எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் உங்கள் பெயருக்கு நேராக எண் ஏறுகிறது. மாதிரி தவறினால் அன்றைய உழைப்பே தவறிவிடும்.

இந்த இடத்தில்தான் அண்ணன் 22 ஆண்டுகள் நின்றார். காலையில் ஸ்டோரைத் திறந்ததும் படிக்கல்லை வைத்துத் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். வாளிப் பாலை அடிவரை கலக்கிய பிறகே மாதிரி எடுப்பார். எடையை உரக்கச் சொல்லுவார். பாலுக்கு உரியவர் தம் கண்ணால் அந்த எண்ணைப் பார்க்கும்வரை வாளியை இறக்கமாட்டார். தமிழ் தெரியாத இந்தோனேசியத் தோழர்களுக்கும் வங்காளதேசத் தோழர்களுக்கும் மலாய் மொழியில் எண்ணைச் சொல்லி, முள் நிற்கும் இடத்தை விரலால் காட்டுவார். மழைநாளில் வரிசை நீண்டு, லாரிக்காரர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினாலும் இந்த முறை மாறியதில்லை.

அவர் சொன்ன எண்ணை எழுதியவன் நான். கிராணிக்கும் தொழிலாளிக்கும் இடையே பழைய நாளில் எவ்வளவு தூரம் இருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட வரலாறு உள்ள கிராணியின் புத்தகத்தை ஒரு தொழிலாளி சந்தேகத்தோடு பார்த்தால் அதில் குற்றமில்லை. நம் தோட்டத்தில் அந்தச் சந்தேகம் எழாமல் காத்தது அண்ணனின் குரல். நான் எழுதுமுன்பே அந்த எண் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும்.

அவர் நேர்மையானவர் என்று சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அவர் இரக்கமுள்ளவர். ஒரு சகோதரியின் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். தினமும் ஓடி ஓடிப் போய்வந்ததால் அவரால் நிரையை முடிக்க முடியவில்லை. “அண்ணே, ரெண்டு கிலோ கூட்டிப் போடுங்கண்ணே” என்று கண்கலங்கிக் கேட்டார். அண்ணன் சொன்னது இது: “தராசுல கைய வைக்க எனக்கு உரிமை இல்லம்மா. அது எல்லார் சோறும். நாளைக்குக் காலையில உன் நிரையில பாதிய நான் வெட்டித் தர்றேன்.” தண்டலிடம் சொல்லிவிட்டு, ஸ்டோர் திறக்குமுன் ஐந்து நாள் விடியற்காலையில் அவர் கத்தி எடுத்தார். பிறகு வந்து தம் வேலையையும் பார்த்தார். பொதுவில் இருந்து எடுத்துக் கொடுப்பது யாருக்கும் எளிது. அண்ணன் தம் தூக்கத்திலிருந்தும் தம் தோளிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்.

தோழர்களே! 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது முதல் எத்தனையோ ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருக்கின்றன. தலைவர்கள் மேசையில் பேசிக் கிலோவுக்கு ஒரு காசு கூட்டி வாங்கலாம். இங்கே தராசில் ஒரு கிலோ குறைந்தால் அந்தக் காசு எங்கே போகும்? ஒப்பந்தத்தில் எழுதியது உங்கள் வீட்டு உலைக்கு வந்து சேர்ந்ததில் அண்ணன் போன்றவர்களின் பங்கு உண்டு. சங்கத்தில் அவர் எந்தப் பதவியும் வகித்ததில்லை. ஆனாலும் அவர் செய்தது சங்க வேலைதான்.

சரி, இனி நம் கடமை என்ன? மூன்று காரியங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, அவருடைய சேமநிதிக் கணக்கு. தொழிலாளிக்கு முதுமையில் ஒரு பிடிமானம் வேண்டும் என்றுதான் 1951-இல் ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டது. அண்ணன் வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று நானும் செயலாளரும் அவரோடு உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம்.

இரண்டாவது, வீடு. அவர் குடியிருப்பது வேலையோடு ஒட்டிய வீடு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் தரத்துக்கு 1990-இல் சட்டம் வந்தது. ஆனால் வேலை முடிந்தால் வீட்டையும் விடவேண்டும் என்பதே இங்குள்ள நடைமுறை. 60 வயதில் சால்வையைப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் சாமான்களை வாசலில் பார்ப்பது நமக்கு அழகா? அவருடைய பேரப்பிள்ளைகள் இங்கிருந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். பள்ளி ஆண்டு முடியும்வரை வீட்டை விட்டுவைக்கும்படி நிர்வாகத்துக்குக் கிளையின் பெயரால் கடிதம் எழுதவேண்டும். மானேஜரைப் பார்க்கக் குழு போனால் நானும் வருகிறேன்.

மூன்றாவது, தராசு. அண்ணன் போவதற்குள் இளைஞர்கள் இருவர் அவரிடம் வேலை பழகவேண்டும். எண்ணை உரக்கச் சொல்லுவதும், உரியவர் பார்த்த பிறகே வாளியை இறக்குவதும் இதுவரை ஒரு மனிதரின் பழக்கமாக இருந்தன. இனி அவை இந்தத் தோட்டத்தின் விதியாகவேண்டும்.

இம்மூன்றுக்கும் சம்மதமுள்ளவர்கள் கையைத் தூக்குங்கள். செயலாளர் எண்ணி, உரக்கச் சொல்லி எழுதிக்கொள்வார்.

அண்ணே, நீங்கள் நல்ல உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழவேண்டும்.