முதலிடத்துக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டியில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் பிறந்ததும், கோப்பையை வெல்லும் வாய்ப்பு எந்த அணிக்கு மிகுதி என்று அணிகளை வரிசைப்படுத்தும் வழக்கம், அந்நாட்டு விளையாட்டு எழுத்தில் தனியொரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. விளையாட்டு நிருபர்கள் வாரந்தோறும் வெளியிடும் பட்டியல்களும், கணினிக் கணக்கீட்டில் கிடைக்கும் விழுக்காடுகளும் ஒரே கேள்விக்கு விடை கூறுவதுபோலத் தோன்றினாலும், முன்னவை எந்த அணி வலியது என்பதையும் பின்னவை எந்த அணிக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையும் கூறுகின்றன. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை உணராத தரவரிசை, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அக்டோபர் மாதத்தில் பொய்த்துவிடுகிறது.

இதன் காரணம் போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்னும் இரு பெரும் பிரிவுகளில் தலா 15 அணிகளாக மொத்தம் 30 அணிகள், ஏறத்தாழ ஆறு மாதங்களில் 162 லீக் ஆட்டங்களை ஆடுகின்றன. அதன்பின் வருவதே பிளே-ஆஃப். 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒவ்வொரு லீகிலிருந்தும் மூன்று மண்டலங்களின் முதலிட அணிகளும், எஞ்சியவற்றுள் அதிக வெற்றி பெற்ற மூன்று அணிகளும் தகுதி பெறுகின்றன. பின்சொன்ன மூன்றுக்கும் ‘வைல்டு கார்டு’ அணிகள் என்று பெயர். மண்டல முதல்வர்களில் சிறந்த இரண்டு அணிகள் முதல் சுற்றை ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்கின்றன. இச்சலுகை ‘பை’ எனப்படுகிறது. மற்ற நான்கும் மூன்று ஆட்டத் தொடரில் மோத, அடுத்து ஐந்து ஆட்டத் தொடரும், அதன்பின் ஏழு ஆட்டத் தொடரும், முடிவில் இரு லீகுகளின் வாகையரும் சந்திக்கும் ‘வேர்ல்டு சீரீஸ்’ என்னும் மற்றோர் ஏழு ஆட்டத் தொடரும் நடைபெறுகின்றன.

ஓர் அணி தன்னை எதிர்க்கும் எந்த அணியையும்விடத் தெளிவாக வலியது என்றும், ஒவ்வோர் ஆட்டத்திலும் அது வெல்லும் வாய்ப்பு 55 விழுக்காடு என்றும் கொள்வோமானால், கணக்கு வியப்பளிக்கும் இடத்தில் சென்று முடிகிறது. 162 ஆட்டங்களில் இந்த வலிமை 89 வெற்றிகளைத் தரும். ஆனால் ஐந்து ஆட்டத் தொடரை அந்த அணி வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 59 விழுக்காடு. ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 61 விழுக்காடு மட்டுமே. முதல் சுற்றைத் தாண்டிவிட்ட அணியாகவே இருந்தாலும், ஐந்து ஆட்டத் தொடர் ஒன்றையும் ஏழு ஆட்டத் தொடர் இரண்டையும் அடுத்தடுத்து வென்றாக வேண்டும் என்பதால், மூன்றையும் பெருக்கினால் கோப்பை வாய்ப்பு 22 விழுக்காட்டில் நிற்கிறது. முதல் சுற்றையும் ஆட நேர்ந்தால் அது 13 விழுக்காட்டுக்குக் குறைகிறது. அதாவது, பட்டியலில் முதலிடத்தில் வைப்பதற்கு முழுத் தகுதியுள்ள அணியும் ஐந்து ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள் கோப்பையின்றித்தான் வீடு திரும்பும். 2000 முதல் 2003 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஓக்லாண்ட் அத்லெடிக்ஸ் அணி முதல் தொடரிலேயே வெளியேறியது; நான்கு முறையும் ஐந்தாவது ஆட்டம் வரை சென்றே தோற்றது. அந்த அணியைக் கட்டியமைத்த பில்லி பீன், தம் வழிமுறை லீக் ஆட்டங்களுக்கே உரியது, பிளே-ஆஃப் வெற்றி அதிர்ஷ்டத்தின் பாற்பட்டது என்று கருதியவர். ஆற்றாமையில் எழுந்த கருத்தாக அது தோன்றலாம். கணக்கு அவர் பக்கமே இருக்கிறது.

வரலாறும் அவருக்கு ஏராளமான சான்றுகளைத் தருகிறது. 1906-இல் சிகாகோ கப்ஸ் அணி 116 வெற்றிகளுடன் வந்து, அதே நகரத்தின் ஒயிட் சாக்ஸ் அணியிடம் வேர்ல்டு சீரீஸை இழந்தது. 2001-இல் அதே 116 வெற்றிகளைப் பெற்ற சியாட்டில் மரினர்ஸ் அணியோ வேர்ல்டு சீரீஸை எட்டவே இல்லை. 2006-இல் 83 ஆட்டங்களை மட்டுமே வென்றிருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. 2023-ஆம் ஆண்டு இன்னும் கொடியது: 104 வெற்றி பெற்ற அட்லாண்டா, 101 வெற்றி பெற்ற பால்டிமோர், 100 வெற்றி பெற்ற லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் ஆகிய மூன்றும் தாம் ஆடிய முதல் தொடரிலேயே வீழ்ந்தன, மூன்றும் சேர்ந்து வென்றது ஒரே ஓர் ஆட்டம்.

இவ்வளவுக்கும் பிறகு வரிசைப்படுத்துவதே வீண் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். 22 விழுக்காட்டுக்கும் 5 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி சிறியதன்று. அதைச் சரியாக அளப்பதில்தான் இக்கலையின் திறமை அடங்கியிருக்கிறது. முதற்படி, வெற்றிகளின் எண்ணிக்கையை அப்படியே நம்பாதிருப்பது. பில் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் பரப்பிய ஒரு வாய்பாடு, ஓர் அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்கள், கொடுத்த ஓட்டங்கள் ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூடுதலால் வகுக்கிறது. வர்க்கங்களைக் கூட்டும் தோற்றத்தினால் இதற்குப் பிதாகரஸின் பெயர் ஒட்டிக்கொண்டது. 800 ஓட்டங்கள் எடுத்து 700 ஓட்டங்கள் கொடுத்த அணிக்கு, இவ்வாறு கிடைக்கும் விகிதம் 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 92 வெற்றிகளைக் கணிக்கிறது. அந்த அணி உண்மையில் 99 ஆட்டங்களை வென்றிருந்தால், ஓர் ஓட்ட வித்தியாசத்தில் கிடைத்த வெற்றிகள் அதற்குச் சற்றுத் தாராளமாகவே வாய்த்துள்ளன என்று ஐயுற வேண்டும்.

இரண்டாம் படியே கடினமானது. தேர்ந்த கணிப்பாளரையும் சாதாரணக் கணிப்பாளரையும் பிரித்துக்காட்டுவதும் அதுவே. பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்சர் கிரிக்கெட்டின் பந்துவீச்சாளருக்கு நிகரானவர். ஆனால் ஓவருக்கு ஒருவர் மாறும் முறை இங்கு இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து, ஆறு இன்னிங்ஸ்கள் தொடர்ந்து எறிவார். அதன்பின் நான்கைந்து நாள்கள் அவர் கைக்கு ஓய்வு வேண்டும். அன்றாடம் ஆட்டம் நடைபெறும் லீக் காலத்தில் இதற்காக ஐந்து தொடக்க பிட்சர்கள் முறைவைத்து எறிகிறார்கள். அக்டோபரில் இடையிடையே ஓய்வு நாள்கள் வருவதால் மூவரோ நால்வரோ போதும்; ஐந்தாமவர் ஆறு மாதங்கள் வாரிக்கொடுத்த ஓட்டங்கள் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகின்றன. ஆகவே லீக் காலத்து அணியும் அக்டோபர் அணியும் பெயரளவில் ஒன்றாயினும் இயல்பில் வேறானவை. 2001-இல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் நியூயார்க் யாங்கீஸை வென்றபோது, அதன் நான்கு வெற்றிகளும் ராண்டி ஜான்சன், கர்ட் ஷில்லிங் என்னும் இருவர் பெயரிலேயே பதிவாயின. ஆறாம் ஆட்டத்தைத் தொடங்கி வென்ற ஜான்சன், மறுநாள் ஏழாம் ஆட்டத்தின் இறுதியிலும் வந்து எறிந்தார்.

2025-ஆம் ஆண்டு நேஷனல் லீகின் இறுதித் தொடரை உற்று நோக்கினால் இது மேலும் தெளிவாகும். மில்வாக்கி புரூவர்ஸ் 97 வெற்றிகளுடன் 30 அணிகளிலும் முதலிடம் பெற்றிருந்தது. எதிரில் நின்ற டாட்ஜர்ஸின் வெற்றிகள் 93. லீக் காலத்தில் இவ்விரு அணிகளும் மோதிய ஆறு ஆட்டங்களிலும் புரூவர்ஸே வென்றிருந்தது. வெற்றிக் கணக்கைக் கொண்டு வரிசைப்படுத்தியவருக்கு ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனால் டாட்ஜர்ஸின் முதன்மைத் தொடக்க பிட்சர்கள் சிலர் அவ்வாண்டின் பல மாதங்களைக் காயத்தில் கழித்துவிட்டு, அக்டோபருக்குள் களம் திரும்பியிருந்தார்கள். தொடர் நான்கே ஆட்டங்களில் முடிந்தது. ஆட்டத்துக்கு ஒன்றாகப் புரூவர்ஸ் மொத்தம் எடுத்தவை நான்கு ஓட்டங்கள். இரண்டாம் ஆட்டத்தை டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ தனியொருவராக முழுமையாக எறிந்து முடித்தார். நான்காம் ஆட்டத்தில் ஷோஹெய் ஓட்டானி ஓட்டமே கொடுக்காமல் ஆறு இன்னிங்ஸ்கள் எறிந்து பத்துப் பேரை ‘ஸ்ட்ரைக் அவுட்’ முறையில் ஆட்டமிழக்கச் செய்ததோடு, மட்டையைப் பிடித்து மூன்று ஹோம் ரன்களும் அடித்தார். இப்படியொரு நாளை எந்த வாய்பாடும் முன்னறிந்து சொல்லாது. எனினும் யார் எறியப்போகிறார்கள் என்று கேட்டவர், அந்தத் தொடரில் டாட்ஜர்ஸைப் பின்னுக்குத் தள்ளியிருக்க மாட்டார்.

செப்டம்பரில் சூடுபிடித்த அணியே அக்டோபரிலும் வெல்லும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வளவு மதிப்பு இல்லை. 2000-ஆம் ஆண்டு யாங்கீஸ் அணி தன் கடைசி 18 லீக் ஆட்டங்களில் 15-இல் தோற்றுவிட்டுக் கோப்பையை வென்றது.

கணினிவழிக் கணிப்பு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெற்றி வாய்ப்பை மதிப்பிட்டு, எஞ்சிய போட்டி முழுவதையும் ஆயிரக்கணக்கான முறை கற்பனையாக ஆடிப்பார்த்து, ஓர் அணி எத்தனை முறை வாகை சூடியது என்று எண்ணுகிறது. இதன் மேன்மை, சோதனைக்கு உட்படுவதில் இருக்கிறது: 20 விழுக்காடு என்று குறிக்கப்பட்ட அணிகள் பல ஆண்டுகளில் ஐந்துக்கு ஒன்றாக வென்றிருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். நிருபர்களின் பட்டியலில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே உள்ளது முழமா, காதமா என்பது தெரிவதில்லை. ஆகவே அது தவறியதா என்பதும் விளங்குவதில்லை. ஆனால் எந்த பிட்சரின் தோள் களைத்திருக்கிறது, யார் வலியை மறைத்து எறிகிறார் என்று அறிந்தவர் அந்த நிருபரே. அவர் தம் அறிவை வரிசை எண்ணாக அல்லாமல் விழுக்காடாக எழுதத் துணிந்தால் இரு முறைகளுக்கும் நன்மை உண்டு.

‘பை’ பெற்ற அணிகளை எவ்வளவு உயர்த்தி வைப்பது என்பது மட்டும் இன்னும் தீராத வழக்கு. ஐந்து நாள் ஓய்வு மட்டையாளர்களின் தாளத்தைக் குலைக்கிறது என்னும் புகார் 2023-க்குப் பின் வலுத்தது. 2022-இல் ஹூஸ்டனும் 2024-இல் டாட்ஜர்ஸும் ‘பை’ பெற்று வென்றன. 2023-இல் டெக்சாஸும் 2025-இல் டாட்ஜர்ஸும் அதைப் பெறாமலே வென்றன. முதல் சுற்றில் தோற்று வெளியேறும் இடர் அறவே இல்லை என்பது கணக்கில் உறுதியான இலாபம்; தாளம் குலைவதால் நேரும் நட்டத்தை அளக்க நான்கு ஆண்டுகளின் ஆட்டங்கள் போதா.