ஊர்ப் பெயர் தாங்கிய அணிகள்

தேசங்களுக்கிடையே நடைபெறும் விளையாட்டுப் பந்தயங்களைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். எந்த நாட்டின் பிரஜையோ அந்த நாட்டின் கொடிக்காகவே அங்கே ஒருவர் ஆட இயலும். கழகங்களுக்கிடையே நடக்கும் சர்வதேசப் போட்டியின் இயல்பு வேறு. அதில் களமிறங்குவது ஓர் ஊர். அவ்வூரின் பெயரை மார்பில் தாங்கி நிற்பவர் அங்கேயே பிறந்திருக்க வேண்டுமா என்பது நெடுநாள் வழக்காக இருந்த கேள்வி. பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. ஆகவே, ஐரோப்பாவின் ஹாண்ட்பால் கழகங்கள் மோதும் வெற்றிக் கிண்ணப் போட்டியின் வரலாற்றை இன்று சற்றே நோக்குவோம்.

தமிழில் கைப்பந்து என்று சொன்னால் வாலிபாலையே கருதுவது வழக்கம். குழப்பம் நேராதிருக்க, இவ்விளையாட்டை ஹாண்ட்பால் என்றே குறிப்போம். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில், பக்கத்துக்கு எழுவராக, 60 நிமிஷம் ஆடுவது இது. பந்தைக் கையில் ஏந்தி மூன்று காலடிக்கு மேல் எடுத்து வைக்கலாகாது. மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இலக்கின் முன்னே 6 மீட்டர் தூரத்தில் ஒரு கோடு வளைந்து செல்கிறது. அதனுள் இலக்குக் காவலரைத் தவிர எவரும் கால் ஊன்றக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியேயிருந்து தாவி எழுந்து, கால் தரையைத் தொடுமுன் அந்தரத்திலிருந்தே பந்தை எறியலாம். ஆட்டத்தின் அழகு பெரும்பாலும் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது.

டென்மார்க்கில் ஹோல்கர் நீல்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1906-இல் இதன் விதிகளை வெளியிட்டார். அரை நூற்றாண்டு சென்றபின், 1956-57 பருவத்தில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி தொடங்கியது. முதல் இறுதி ஆட்டத்தில் பிராக் அணி, சுவீடனின் ஓரப்ரூ அணியை வென்றது. பெருநகரங்களுக்கே இக்கிண்ணம் உரியது என்று எண்ணிவிடலாகாது. சுமார் 50,000 மக்கள் வாழும் கும்மர்ஸ்பாக் என்ற ஜெர்மானிய ஊர், 1967 தொடங்கி 1983 வரை ஐந்து முறை இதை வென்றது. 1972-இல் அதே கும்மர்ஸ்பாக்கை ஜெர்மன் மண்ணிலேயே தோற்கடித்துக் கிண்ணத்தைக் கொண்டு சென்றது, குரோஷியாவைச் சேர்ந்த ப்யெலோவார் என்ற சிறு நகரம். தேசப்படத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்கள் இவ்விளையாட்டினால் கண்டம் முழுவதும் அறியப்பட்டன. 1993 முதல் இப்போட்டி சாம்பியன்ஸ் லீக் என்னும் பெயரால் வழங்குகிறது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அயல்நாட்டு ஆட்டக்காரர் இத்தனை பேருக்கு மேல் ஆடக்கூடாது என்ற வரம்பு ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. 1995-இல், போஸ்மான் என்ற பெல்ஜியக் கால்பந்து வீரரின் வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பிரஜைகளுக்கு அத்தடை நீங்கியது. ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்தவர் நிலை என்ன? அதற்கு விடை பெற்றுத் தந்தவர் ஒரு ஹாண்ட்பால் இலக்குக் காவலர். ஸ்லோவாக்கியா நாட்டவரான மாரோஷ் கோல்பாக், ஓஸ்ட்ரிங்கன் என்ற ஜெர்மானிய ஊரின் அணியில், இரண்டாம் பிரிவில் ஆடிவந்தார். அவருடைய அனுமதிச் சீட்டில், அந்நியர் என்பதைக் காட்ட ‘ஏ’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வெழுத்துடையோர் இருவருக்கு மேல் ஓர் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. முறையான அனுமதியுடன் வசித்து, முறையான ஒப்பந்தத்தின் பேரில் உழைக்கும் தமக்கு இந்த அடையாளம் எதற்கு என்று அவர் வழக்காடினார். 2003 மே மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒன்றியத்துடன் அத்தகைய உடன்படிக்கை கொண்ட நாடுகளிலிருந்து வந்து முறையாக வேலை பார்ப்பவரை, குடியுரிமை காரணமாக வேற்றுமைப்படுத்தலாகாது என்பது அதன் சாரம். தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இங்கிலாந்தின் கவுண்டி அணிகளுக்குச் சென்ற கிரிக்கெட் வீரர்களைக் ‘கோல்பாக் ஆட்டக்காரர்’ என்று பத்திரிகைகள் அழைத்ததை நம்மில் பலர் படித்திருப்போம். அப்பெயர் இந்தக் காவலருடையதே.

எல்லைகள் தளர்ந்தபின் அணிகளின் முகம் மாறியது. செர்பியாவின் நிஷ் நகரில் பிறந்து பிரான்ஸில் வளர்ந்த நிகோலா கரபாதிச், 2003-இல் மோன்பெலியே, 2007-இல் கீல், 2015-இல் பார்சலோனா என மூன்று நாட்டு ஊர்களுக்காகக் கிண்ணம் வென்றார். கிர்கிஸ்தானில் பிறந்த தலந்த் துய்ஷெபாயெவின் பயிற்சியில், ஸ்பெயினின் சிறு நகரமான சியுதாத் ரியால் 2006, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெற்றி கண்டது.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தச் சியுதாத் ரியால் கழகம் 2011-இல் தன் ஊரை விட்டு மாட்ரிட் தலைநகருக்குப் பெயர்ந்து, அத்லேத்திகோ என்ற பெரும் பெயரைச் சூடிக்கொண்டது. பணமுடை தீரவில்லை, 2013-இல் கழகமே கலைக்கப்பட்டது. ஆட்டக்காரர் வேறு ஊர்களில் இடம் தேடிக்கொண்டனர். மூன்று முறை கிண்ணம் கண்ட ஊருக்கோ எஞ்சியது நினைவு ஒன்றே.

துய்ஷெபாயெவ் போலந்தின் கியெல்ட்ஸே நகருக்குச் சென்றார். 2016-இல், கொலோன் நகரத்து அரங்கில் இறுதி ஆட்டம். ஹங்கேரியின் வெஸ்ப்ரேம் அணி 28-க்கு 19 என முந்தி நின்றது. எஞ்சியிருந்தது கால் மணி நேரத்துக்கும் குறைவு. கியெல்ட்ஸே சளைக்கவில்லை. 29-29 என ஆட்ட நேரம் முடிந்தது. கூடுதல் நேரத்திலும் 35-35 எனச் சமநிலை. பின்னர் 7 மீட்டர் எறிகளில் 39-38 என்று வென்று, போலந்துக்கு முதன்முறையாகக் கிண்ணத்தைத் தேடித் தந்தது. கடைசி எறியை எறிந்தவர் ஸ்பெயின் நாட்டு யூலென் அகினகால்தே. அதை இலக்கினுள் கண்டு ஆர்ப்பரித்த கியெல்ட்ஸே மக்களுள், இவர் எந்த ஊரில் பிறந்தவர் என்று எவரேனும் வினவியிருப்பார்களா?

நேயர்களே, பிறந்த ஊரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அதன்பால் உள்ள அன்பு தானே வருவது. வாழும் ஊரின் உரிமையோ, அங்கே நாள்தோறும் செய்யும் உழைப்பினால் வருவது. கோல்பாக் நீதிமன்றத்தில் கேட்டதும் சலுகையன்று, உழைத்த இடத்தில் சம இடமே. அவ்விடத்தைக் கொடுக்கும் மனம் ஊருக்கு வேண்டும். அவ்வூரின் வெற்றி தோல்விகளைத் தம்முடையவையாகக் கருதும் மனம் வந்தவருக்கும் வேண்டும். பம்பாயிலோ, கல்கத்தாவிலோ, தில்லியிலோ வாழும் நாம், நம் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சொல்லிக் கொடுப்போமாக.