பிரிந்து போதல் இரண்டகமா?



சேர்வராயன் மலையேறி வந்து, இலத்தீனச் சொல்லை ஆராய்வானேன் என்று கேட்பீர்கள். அச்சொல்லின் வரலாற்றிலும் ஒரு மலையேற்றம் உண்டு.

ஆங்கிலர் 'செடிசன்' என்று எழுதிவைத்த குற்றத்தை நாம் நன்கறிவோம். 1870-இல் இந்திய ஒறுப்புச் சட்டத்துள் 124அ பிரிவாக நுழைந்தது, 1908-இல் வ.உ.சிதம்பரனாரைச் சிறைக்கனுப்பியது. அதன் மூலம் 'சேதித்தியோ' என்னும் இலத்தீனச் சொல். பிரித்துப் பாருங்கள். 'சேத்' என்பது விலகி; 'ஈரே' என்பது செல்லுதல்; இறுதியில் நிற்பது தொழிற்பெயர் ஈறு, 'கிளர்' என்பதைக் 'கிளர்ச்சி' ஆக்கும் நம் ஈற்றைப் போல. பெண்பாற் சொல். எழுவாயில் இல்லாத னகரம் பிற வேற்றுமைகளில் தோன்றும். ஆறாம் வேற்றுமையில் 'சேதித்தியோனிசு'. 'மரம்' என்பது 'மரத்தின்' என்றாகையில் அத்துச் சாரியை வந்து புகவில்லையா? ஆங்கிலச் சொல்லின் கடைசி னகரம் அவ்வழி வந்ததே.

ஆக, வேர்ப்பொருள் விலகிச் செல்லுதல். அதில் வாளுமில்லை, வஞ்சகமுமில்லை! கடனுக்காக அடிமைப்பட்ட உரோமைப் பொதுமக்கள் கி.மு. 494-இல் நகரைத் துறந்து, மூன்று கல் தொலைவிலிருந்த திருமலையில் போய் அமர்ந்தனர் என்பது அந்நாட்டார் வழிவழிச் செய்தி. எவரையும் அவர்கள் தாக்கவில்லை. தங்களுக்கெனக் காவலரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றே இறங்கினர். அவ்வெளியேற்றத்தை, அதே முன்னொட்டைக் கொண்டு, 'சேக்கெசியோ' என்றனர். (இம்மலைவாழ் மலையாளிகளும் காஞ்சியினின்று பிரிந்து வந்தேறியதாகவே சொல்லி வருகின்றனர். அவர்கள் கேரளத்தாரல்லர், மலையை ஆளும் தமிழர்.)

இச்சொல்லைத் தமிழில் பெயர்த்தவர்களோ 'இராசத் துரோகம்' என்றனர். விலகினவன் வஞ்சகனானான்! நம்மவர் சிலர் வடசொல்லை நீக்கி 'இரண்டகம்' என்றெழுதி மனம் நிறைகின்றனர். எனக்கு அது போதவில்லை. சொல் தூயதாயிற்று, பழி அப்படியே நிற்கிறது. இரண்டகம் என்பது உடனிருந்தே கெடுப்பவனுக்குரிய சொல். வெளிப்படையாய் எதிர்த்தவனுக்கு அதை ஏன் சூட்டவேண்டும்? 'அரசெதிர்ப்பு' என்க, கூட்டமாய் எழுந்தால் 'கிளர்ச்சி' என்க.

2022 மே மாதம் உச்ச முறைமன்றம் 124அ பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 சூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டம், தன் 152ஆம் பிரிவில் 'செடிசன்' என்ற சொல்லையே விட்டுவிட்டது. ஆனால் அப்பிரிவின் ஆங்கில வாசகத்தைப் படித்துப் பாருங்கள்: 'செசசன்' என்று, உரோமை மக்கள் மலையேறிய அதே சொல் அங்கே குற்றமாய் உட்கார்ந்திருக்கிறது.