தைரொயிட் கொஞ்சம் குறைவு என்றால் உடனே குளிசையா?

(தோட்டப் பெண் தொழிலாளர் கூட்டமொன்றில், மருதமுனையிலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தோழர்களே, அக்காமாரே, தங்கைமாரே! மருதமுனை என்றதும் உங்களில் பலருக்குக் கைத்தறிச் சாரமும் சேலையும் ஞாபகம் வரும். கல்முனைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிற நெசவு ஊர் அது. உங்களுக்குக் கொழுந்துக் கூடை, எங்களுக்குத் தறி. வேலை வேறாக இருந்தாலும், கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் கேட்கிற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். “தைரொயிட் கொஞ்சம் குறைவாம். இனி ஆயுளுக்கும் குளிசை போடணுமா?”

இந்தக் கேள்விக்குப் பயந்து முடிவெடுக்கிறவர்கள் இரண்டு வகை. ஒரே ஒரு ரிப்போட்டைப் பார்த்துவிட்டுக் குளிசை தொடங்குகிறவர்கள் ஒரு வகை. தேவையான குளிசையையும் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

தைரொயிட் என்பது கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிற சிறிய சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை அதில் சுரக்கும் தைரொக்சின் தீர்மானிக்கிறது. அது குறையத் தொடங்கினால் மூளைக்கு அடியில் இருக்கிற இன்னொரு சுரப்பி, “இன்னும் சுர” என்று டி.எஸ்.எச். என்ற ஹோர்மோனைக் கூட்டி அனுப்பும். கங்காணி சத்தம் போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறையக் குறையச் சத்தம் கூடும். அதனால்தான் டி.எஸ்.எச். கூடினால் தைரொயிட் குறைவு என்கிறார்கள்.

பொதுவாக டி.எஸ்.எச். 0.4க்கும் 4க்கும் இடையில் இருக்கும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் அளவு சிறிது மாறும். டி.எஸ்.எச். 4க்கு மேல் போயும் இரத்தத்தில் தைரொக்சின், அதாவது ஃப்ரீ டி-4, சரியாகவே இருந்தால் அதுதான் ‘லேசான குறைவு’. சத்தம் கூடியிருக்கிறது, வேலை இன்னும் நடக்கிறது. ஃப்ரீ டி-4உம் குறைந்துவிட்டால் அது லேசானதல்ல. அதற்குக் குளிசை அவசியம்.

லேசான குறைவுக்கு முதல் விதி, இரண்டாவது சோதனை. காய்ச்சல், கடும் நோய் வந்து ஆறுகிற நேரத்திலும் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். அதனால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்வார்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது. அவர்கள் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஆரம்ப மாதங்களில் தாயின் தைரொக்சின்தான் ஆதாரம்.

இரண்டாவது தடவையும் கூடவே இருந்தால்? 10க்கு மேல் என்றால் பெரும்பாலான வைத்தியர்கள் குளிசை தொடங்கவே சொல்வார்கள். 4க்கும் 10க்கும் இடையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் வயது என்ன, பிள்ளை பெறும் எண்ணம் உண்டா, கழுத்தில் கழலை இருக்கிறதா, இருதய நோய் உண்டா, டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார். நம் உடம்பே தன் தைரொயிட்டைத் தாக்குகிற ஒரு நோய் உண்டு. 1912இல் அதை எழுதிவைத்த ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோவின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அதைக் காட்டுகிற அடையாளம்தான் இந்த எதிர்ப்பொருள்.

இங்கிலாந்தில் விக்கம் என்ற பகுதி மக்களை 20 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். டி.எஸ்.எச். கூடி எதிர்ப்பொருளும் இருந்த பெண்களில், 100 பேருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 4 பேருக்குத்தான் முழுக் குறைவு வந்தது. எதிர்ப்பொருள் இல்லாதவர்களில் அதைவிடக் குறைவு. ஆகவே லேசான குறைவு வந்த எல்லோருக்கும் நாளைக்கே முற்றிவிடாது. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயதானவர்களுக்கு இன்னொரு செய்தி. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரை வைத்து ஐரோப்பாவில் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குத் தைரொக்சின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் களைப்பில் இரண்டு பகுதிக்கும் வித்தியாசமே இல்லை. வயது போகப் போக டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவதும் இயல்பு. தேவைக்கு மேல் தைரொக்சின் போனால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். அதனால் வீட்டுப் பாட்டிக்கு லேசான குறைவு என்றால் வைத்தியர் “பார்த்துக்கொண்டிருப்போம்” என்பார். அது அலட்சியமல்ல.

இப்போது களைப்பைப் பற்றிப் பேசுவோம். தைரொயிட் குறைந்தால் களைக்கும், குளிரும், தோல் காயும், முடி கொட்டும், மலம் இறுகும், மாதவிடாய் கூடும், உடம்பு ஊதும். ஆனால் மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிற பெண் களைத்தால், காரணம் இரத்தச்சோகையாகவும் இருக்கலாம், சீனி வருத்தமாகவும் இருக்கலாம், வயிறு நிறையாததாகவும் இருக்கலாம். இரத்தத்தின் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தச்சோகைக்குத் தைரொக்சின் மருந்தாகாது.

அயடீன் பற்றியும் கேட்கிறீர்கள். கடலோரத்தில் இருக்கிறோம், எங்களுக்கு என்ன குறை என்று எங்கள் ஊரிலும் நினைத்ததுண்டு. கடல் உப்பில் இயற்கையாக அயடீன் மிகக் குறைவு. சேர்த்தால்தான் உண்டு. களுத்துறை போன்ற ஈரவலயப் பகுதிகளில் ஒரு காலம் கழலை அதிகமாக இருந்தது. 1990களில் உப்புக்கு அயடீன் கட்டாயமான பிறகு அந்த நிலை படிப்படியாக மாறியது. அயடீன் உப்பையே வாங்கி மூடி வையுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டாம். ஹஷிமோட்டோ நோய் அயடீனால் ஆறாது. கடையில் விற்கிற அயடீன் மருந்துகளைச் சொந்தப் புத்தியில் குடித்தால் தைரொயிட் இன்னும் கெடலாம்.

வைத்தியர் தைரொக்சின் எழுதித் தந்துவிட்டால் அதைப் போடும் முறை முக்கியம். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட வேண்டும். தேத்தண்ணி அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசைக்கும் கல்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். காலையில் முடியாதவர்கள் வைத்தியரிடம் சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். நோன்பு மாதத்தில் எங்கள் பெண்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். சஹர் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன் எழுந்து போடுகிறவர்களும் உண்டு.

அளவு மாறினால் 6 முதல் 8 வாரத்தில் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம், பக்கத்து லயத்து அக்காவின் குளிசையைக் கடன் வாங்கவும் வேண்டாம். குளிசை போட்டுக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் தங்கினால் அந்த வாரமே வைத்தியரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவு கூட்ட வேண்டிவரும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாவது சோதனைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றோம். ஆனால் இரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிப்போட் வாங்க ஒரு நாள், கிளினிக்குக்கு ஒரு நாள் என்று மூன்று பேர் போனால் எந்தப் பெண் இரண்டாவது தடவை போவாள்? கிளினிக் கொப்பியைக் காட்டுகிற நாளில் பேர் வெட்டக் கூடாது என்பதைச் சங்கம் நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் வாங்க வேண்டும். எங்கள் தறிப் பெண்களுக்கும் இதே சிக்கல்தான். ஒரு நாள் தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. நீங்கள் வாங்கிக் காட்டினால் நாங்களும் கேட்போம்.

 கொப்பி கொண்டுவந்தவர்கள் இருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.