இணைந்து வரும் இரு நோய்களும் நம் கடமையும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணலாம். அறியாமை உயிரைக் குடிக்குமாயின், அதனைப் போக்குவதும் கல்வியின் கடமையே அன்றோ?

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி 1986-ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. காவலன் சோர்ந்தால் கள்வன் துணிவதுபோல, உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி அப்போது விழித்தெழுகிறது. ஆதலின் காசநோயாளர் அனைவரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. உள்ளோர் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை கண்டால் உடனே காசநோய்ப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டிற்கும் மருந்து உண்டு. முதலில் காசநோய் மருந்தைத் தொடங்குவர். சாதாரணமாக அதனை ஆறு மாதம் உண்ண வேண்டும். பெரும்பாலோர்க்கு இரண்டு வாரங்களுக்குள் எச்.ஐ.வி. மருந்தும் தொடங்கப்படும், அது வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். மூளைச் சவ்வில் காசநோய் கண்டோர்க்கு மட்டும் சற்றுத் தாமதிப்பர். ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்து, டோலுடெகிராவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். எனவே பின்னதை நாளைக்கு இருவேளை தருவர். ஒரு மருத்துவரிடம் மற்றவர் தந்த மருந்தை மறைத்தலாகாது என்பது இதனாலேயே.

எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோ, நெறிகட்டுதலோ மிகலாம். எதிர்ப்பாற்றல் மீளும்போது அவ்வாறு நேர்வதுண்டு. அதற்கஞ்சித் தாமே மருந்தை நிறுத்தாமல் மருத்துவரை நாட வேண்டும். எச்.ஐ.வி. மருந்தை 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக வழங்கி வருகிறது. முதலில் தொடங்கிய மையங்களுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

ஒன்றை மறையாது கூறுவோம். எம் பழைய மாணவர் ஒருவருக்கு இவ்விரு நோயும் கண்டன. பெயரும் ஊரும் வேண்டா. அவருடைய வீட்டாரும் உறவினரும் அவருக்குத் தனிக் குவளை வைத்தனர். அவர் நாணி, மருந்து வாங்கச் செல்வதையே விட்டார். தேநீர்க் கடையின் தனிக் குவளையைக் கண்டு குமுறிய நாமா இதனைச் செய்வது? குவளையால் எச்.ஐ.வி. பரவாது, காசநோயும் பரவாது. காசநோய் இருமலின்போது காற்றின் வழியே பரவுவது. மருந்து முறையாக உண்டால் அப்பரவலும் விரைவில் அடங்கும். அவர் வீட்டில் அமர்ந்து, அவர் குவளையிலேயே நீர் பருகினோம். மறுவாரம் அவருடன் மருத்துவமனைக்குச் சென்றோம். இன்று அவர் உழைத்து உண்கிறார்.

இளைஞர்களே! நோயுற்றவரின் மறைபொருளைக் காத்து, மருந்து முடியும்வரை உடன் நடவுங்கள். தீண்டாமையின் வலியை அறிந்த நாம், மற்றொரு தீண்டாமைக்கு இடந்தரலாகாது எனக் கூறி அமைகின்றோம்.