களஞ்சியத்தின் சாவி யார் கையில்?

தாய்மாரே, தகப்பன்மாரே, யாழ்ப்பாணத்திலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் இரவிரவாக லொறி ஓட்டி வந்து நிற்கிற தம்பிமாரே!

1999-இல் பொருளாதார மத்திய நிலையம் திறந்த நாள் முதல், தம்புள்ளையில் விழுகிற விலையைப் பார்த்துத்தான் நாடு மரக்கறிக்கு விலை சொல்கிறது. அந்த விலையைச் சொல்வதில் விவசாயிக்கு வாயில்லை. கத்தரிக்காய் மூட்டையோடு வந்தவன் கேட்ட விலைக்குக் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் திருப்பி ஏற்றிக்கொண்டு போக இன்னொரு லொறிக்கூலி கட்டவேண்டும். எங்கள் வறுமை பிறக்கிற இடம் அந்தத் தராசடி.

வறுமையைப் போக்க வந்தவர்களுக்கு இங்கே குறைவிருந்ததில்லை. 1970-இல் உலக வங்கி மகாவலி ஆற்றுத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது. 1976-இல் பொல்கொல்லை அணை திறந்தது. கண்டியில் ஓடிய ஆறு மலையைக் குடைந்து வந்து, போவத்தென்ன வழியாகத் தம்புளு ஓயாவில் இறங்கிக் கலாவெவ வரைக்கும் போனது. அந்தத் தண்ணீர் எத்தனை வீட்டு அடுப்பை எரியவைத்தது! அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். பிறகு 1980-களில் உலக வங்கியின் கிராம அபிவிருத்தித் திட்டம் நம் மாத்தளை மாவட்டத்துக்கு வந்தது. 1990-களின் கடைசியில் இஃபாட் என்கிற சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியமும் வந்தது.

ஆனால் தண்ணீர் தந்த அதே கை நமக்குப் புத்தியும் சொன்னது. பெருந்தோட்டம் அல்லாத பயிர்கள் பற்றி 1996-இல் உலக வங்கி ஓர் அறிக்கை கொடுத்தது. நெல்லை நம்பியிராமல் வருமானம் கூடிய பயிருக்கு மாறவேண்டும், சந்தையைத் திறந்துவிடவேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு மூன்றுக்கும் இறக்குமதி அனுமதிப்பத்திர முறையை அரசாங்கம் எடுத்துவிட்டது. நாம்தான் ஏற்கெனவே மாறியிருந்தோமே! தம்புள்ளையிலும் கலேவெலயிலும் சீகிரியாவிலும் பெரிய வெங்காயம் போட்டவர்கள் யார்? சிறுபோக வெங்காயம் கிண்டுகிற ஓகஸ்ட், செப்டெம்பரில் இந்திய வெங்காயம் துறைமுகத்தில் இறங்கினால் இங்கே விலை விழும். விலை விழுந்தால் அடகு வைத்த நகை அறுதியாகும்.

நகை போன வீட்டுப் பெண்ணிடம் அடுத்து வந்தது நுண்கடன். சிறுகடன் கொடுத்தால் ஏழை எழுந்துவிடுவான் என்று உலகமெல்லாம் உபதேசித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று தவணை வாங்கினார்கள். 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாய்க்குட்பட்ட பெண்களின் கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. 2021-இல் பக்கத்துப் பொலன்னறுவை மாவட்டத்தில், ஹிங்குராக்கொடையில், பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தாய்மாரே, உங்களில் எத்தனை பேர் இன்னும் அந்தத் தவணைக்குப் பயந்து கதவைச் சாத்துகிறீர்கள்?

இத்தனை உதவிக்கும் உபதேசத்துக்கும் பிறகு எத்தனை பேர் வறியவர் என்பதை உலக வங்கியே எண்ணி வைத்திருக்கிறது. 2019-இல் நாட்டில் 100 பேருக்கு 11 பேர் வறியவர். 2023-இல் 26 பேர். 2022-இல் நாடு வங்குரோத்தானது உண்மை. ஐம்பது வருடம் கட்டியெழுப்பிய அபிவிருத்தி அந்த ஓர் அடியைத் தாங்கவில்லை என்பதும் உண்மை.

இப்போது நம் ஊருக்கு இன்னொரு கொடை வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 5-ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தே திறந்துவைத்த, 5,000 மெற்றிக் தொன் கொள்ளும் குளிரூட்டிய களஞ்சியம். இந்தியாவின் நன்கொடை உதவியோடு கட்டியது. நல்ல காரியம், வரவேற்கிறேன். மழையில் அழுகிப்போகிற வெங்காயத்தைப் பார்த்து அழுதவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். என்றாலும் கேட்கிறேன்: அதற்குள் யாருடைய வெங்காயம் போகும்? இருபது மூட்டைக்காரனுக்கு இடம் உண்டா? விலை விழுந்த நாளில் நம்மிடம் வாங்கி, அங்கே அடுக்கி, விலை ஏறிய நாளில் முதலாளி விற்பாரானால், கொடையின் பலன் யாருக்கு? கட்டிக் கொடுத்தவர்கள் தொன் கணக்குக் கொடுத்தார்கள். எத்தனை விவசாயியின் கடன் தீர்ந்தது என்ற கணக்கையும் கொடுக்கவேண்டும்.

இறக்குமதியைத் தீர்மானிப்பது டில்லி அல்ல, கொழும்பு. ஆகவே கொழும்பைக் கேட்கிறோம். அறுவடைக்கு முன்பே வெங்காய இறக்குமதி வரியை உயர்த்துங்கள். களஞ்சியத்தை நடத்துகிற குழுவில் பாதி இடத்தை விவசாயச் சங்கங்களுக்குக் கொடுங்கள். அதில் பெண்களும் இருக்கட்டும். இந்த மாவட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு கடனும் நன்கொடையும் எவ்வளவு, யாருக்குப் போனது என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் சுவரிலும் ஒட்டுங்கள்.

இதையெல்லாம் எழுதிய மனுவை மேசையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் யாரும் லொறியில் ஏறாதீர்கள்.