பயாஸ் செத்துப்போச்சா, பூட்டிக்கிச்சா?

"கஸ்டம் கெர்னல் போட்டேன். ரீபூட் பண்ணதுக்கு அப்புறம் பயாஸ் செட்டிங் எதுவும் சேவ் ஆகல, பென் டிரைவ்ல பூட் பண்ணவும் முடியல." இந்தப் பிரச்சினைதான் இன்னைக்கு எபிசோடு. கடைக்குக் கொண்டுபோனா "போர்டு போச்சு"ன்னு சொல்ல வாய்ப்பு அதிகம். காசைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி 2017-ல் நடந்ததைக் கேளுங்க.

அந்த வருஷம் அக்டோபர் 19 அன்று உபுண்டு 17.10 வெளியானது. அதைப் போட்ட பல லெனோவோ லேப்டாப்களில் இதே அறிகுறி. டிசம்பரில் உபுண்டு தன் டவுன்லோடு லிங்க்கையே எடுத்துவிட்டது. சரிசெய்த 17.10.1 வந்தது 2018 ஜனவரி 12-ல்.

என்ன நடந்தது? பயாஸ் இருப்பது ஹார்டு டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டில் உள்ள எஸ்பிஐ ஃப்ளாஷ் என்ற சின்ன சிப்பில். உபுண்டு கொடுத்த 4.13 கெர்னலில் அந்தச் சிப்போடு பேசும் இன்டெல்-எஸ்பிஐ டிரைவர் ஆன் ஆகியிருந்தது. எத்தனை பைட் அனுப்பணும் என்று சொல்லும்போது, எண்ணிக்கையில் ஒன்று குறைத்துச் சொல்லணும். டிரைவர் குறைக்காமல் சொன்னது. இந்த மாதிரி பிழைகளால் சிப்பின் எழுத்துப் பாதுகாப்பு மாறி, சிப் பூட்டிக்கிச்சு. படிக்கலாம், எழுத முடியாது. அதனாலதான் லேப்டாப் ஓடும், செட்டிங் மட்டும் நிக்காது.

நம்ம திருப்புட்குழி பக்கம் தறி தெரிஞ்சவங்களுக்குச் சொல்றேன்: ஜக்கார்டில் அட்டை கிழிஞ்சா புதுசா குத்தணும், சிக்கிக்கிட்டா எடுத்துவிட்டா போதும். இது சிக்கல், கிழிசல் இல்லை. மருந்தும் கெர்னல்தான். திருத்திய 4.14.9 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னலில் ஒருமுறை பூட் பண்ணி, பிறகு பயாஸுக்குள் போய் சேவ் பண்ணினப்போ பலருக்குப் பூட்டு திறந்தது.

இப்போ முக்கியமான விஷயம். இந்த நிலையில் பதற்றத்தில் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணாதீங்க! பென் டிரைவ் வழி அடைச்சிருக்கு. உள்ளே போக மிச்சமிருக்கும் ஒரே கதவு, டிஸ்க்கில் இன்னும் பூட் ஆகிற அந்த லினக்ஸ்தான். அதையும் அழிச்சா, சாவியை உள்ளே வெச்சுட்டு வெளியே வந்து கதவைச் சாத்தின கதை ஆயிடும். அப்புறம் போர்டைத் திறந்து, சிப்பில் கிளிப் மாட்டி, புரோகிராமர் வெச்சு எழுதணும்.

சொந்தமா கெர்னல் கம்பைல் பண்றவங்க, கான்ஃபிக்கில் இன்டெல் எஸ்பிஐ ஃப்ளாஷ் பிளாட்ஃபார்ம் டிரைவரைத் தேடுங்க. அதன் உதவிக் குறிப்பே, ஃப்ளாஷை மேலெழுதினால் கணினி பூட் ஆகாமல் போகலாம், விஷயம் தெரியாதவங்க 'என்' கொடுங்கன்னு எச்சரிக்குது. கேளுங்க அதை.

செட்டிங் சேவ் ஆகுதா, லினக்ஸ் இன்னும் எழுந்திருக்குதா: இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்ச பிறகு கடைக்குப் போங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!